மூடும் நாளுக்கு முன்னால் எழுத வேண்டிய பட்டியல்

கேள்வி: கொழும்பு வடக்கில் உள்ள ஒரு தமிழ்மொழி மூல மாகாணப் பாடசாலையில் இந்த ஆண்டுதான் பிரதி அதிபராகப் பொறுப்பேற்றேன். தரம் 1 முதல் 11 வரை 620 பிள்ளைகள், 31 ஆசிரியர்கள். தொற்றுநோய் போன்ற அவசர நிலையில் பாடசாலையைத் தற்காலிகமாக மூட நேர்ந்தால் என்ன செய்வது என்று ஒரு திட்டம் எழுதித் தரும்படி அதிபர் கேட்டிருக்கிறார். கொவிட் காலத்தில் இங்கே இருந்த ஆசிரியர்களில் பாதிப்பேர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்கள். பழைய கோப்பைத் திறந்தால் சுற்றறிக்கைகள் மட்டும்தான் இருக்கின்றன. மூடும்படி யார் சொல்ல வேண்டும்? மூடிய பிறகு எங்கள் வேலை என்ன? போன் இல்லாத பிள்ளைகளுக்கு என்ன வழி? திறக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு பிரதி அதிபர், முகத்துவாரம்

பதில்:

பிரதி அதிபர் அவர்களுக்கு,

கோப்பில் சுற்றறிக்கைகள் மட்டும் இருப்பதில் வியப்பில்லை. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதைச் சுற்றறிக்கை சொல்லும். இடைப்பட்ட காலத்தில் உங்கள் 620 பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், யாருடைய போனில் பிடிக்கலாம் என்பதைப் பாடசாலைதான் எழுதி வைத்திருக்க வேண்டும். திட்டத்தின் முக்கால் பங்கு அந்தப் பட்டியல்தான்.

எழுதத் தொடங்குமுன் 2020, 2021 ஆண்டுகளின் திகதிகளை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். 2020 மார்ச் 12 வியாழக்கிழமை அறிவித்தல் வந்தது. மறுநாள் பாடசாலை இல்லை. ஏப்ரல் 20 வரை என்று சொல்லி மூடியது ஜூன் கடைசிவரை இழுபட்டது. ஜூன் 29 ஆசிரியர்கள் வந்தார்கள், ஜூலை 6 தரம் 5, 11, 13 பிள்ளைகள் வந்தார்கள், ஜூலை 13 கந்தக்காடு கொத்தணியால் (ஒரே இடத்தோடு தொடர்புபட்ட தொற்றாளர் கூட்டம்) மறுபடி மூடியாயிற்று. ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணி. 2021 தொடக்கத்தில் மற்ற மாகாணங்கள் திறந்தபோதும் மேல் மாகாணம் பிந்தித்தான் திறந்தது. ஏப்ரல் கடைசியில் எல்லாம் திரும்ப மூடின. அதன் பிறகு 2021 ஒக்டோபர் 21 அன்று 200க்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறந்தன. உங்களுடையது போன்ற பாடசாலைக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை.

ஆகவே திட்டத்தை மூன்று எடுகோள்களில் எழுதுங்கள்: ஒரு நாளுக்கும் குறைந்த அவகாசம், எத்தனை கிழமை என்று தெரியாத நீளம், திறந்த ஒரு கிழமையில் மறுபடி மூடக்கூடிய நிலை. "இரண்டு கிழமை மூடுவோம்" என்று கணக்குப் போட்ட திட்டம் மூன்றாம் கிழமையில் கிழிந்துபோகும்.

யார் மூடச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு விடை நேரடியானது. நாடு முழுவதற்கும் அல்லது மாகாணத்துக்கும் மூடுவது சுகாதாரத் தரப்பின் ஆலோசனையில் கல்வி அமைச்சு எடுக்கும் முடிவு. உங்களுடையது மாகாணப் பாடசாலை என்பதால் அது மாகாணக் கல்வித் திணைக்களம், வலயம், கோட்டம் என்று இறங்கி வரும். தேசிய பாடசாலைகளுக்கு அமைச்சிலிருந்து நேரே போகும். அதனால்தான் பக்கத்துத் தேசிய பாடசாலைக்கு அறிவித்தல் வந்தும் உங்களுக்கு வராமல் ஒரு மாலைப்பொழுது போகும். பதறி நீங்களாகவே பெற்றோருக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். கோட்டக் கல்விப் பணிப்பாளரை அழைத்துக் கேட்டு, சொன்னவர் பெயர், நேரம் இரண்டையும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு அனுப்புங்கள். ஞாயிறு இரவு வட்ஸ்அப்பில் சுற்றும் கடிதப் படங்களில் பொய்யானவையும் பழையவையும் உண்டு. கடித இலக்கம், திகதி, கையெழுத்திட்டவரின் பதவி மூன்றையும் பாருங்கள். போன ஆண்டுக் கடிதத்தின் திகதியை வெட்டிவிட்டு அனுப்புவது அடிக்கடி நடந்தது.

உங்கள் பாடசாலையில் மட்டும் ஒரு பிள்ளைக்குத் தொற்று என்றால் வழி வேறு. அதிபர் செய்ய வேண்டியது இரண்டு அழைப்புகள்: ஒன்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு, மற்றது வலயத்துக்கு. முகத்துவாரம் மாநகர எல்லைக்குள் இருப்பதால் கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்து அதிகாரிகளே உங்களுக்குப் பொறுப்பு. பொதுச் சுகாதார பரிசோதகரின் பெயரையும் இலக்கத்தையும் இப்போதே அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அவர் வந்ததும் கேட்பது மூன்று: அந்த வகுப்பின் இடாப்பு, யார் யாருக்கு அருகில் இருந்தார்கள் என்ற இருக்கை ஒழுங்கு, அந்தப் பிள்ளை வந்த வேனின் பெயர்ப்பட்டியல். முதலாவது எல்லாப் பாடசாலையிலும் இருக்கும். மற்ற இரண்டும் பெரும்பாலும் இராது, அதனால் ஒரு வகுப்போடு முடிய வேண்டியது மூன்று வகுப்பாகப் பெருகும். இருக்கை ஒழுங்கை ஒவ்வொரு வகுப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டி, மாதம் ஒருமுறை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்காக முழுப் பாடசாலையையும் மூடும்படி பெற்றோர் வாசலில் நிற்பார்கள். தொடர்பில் இருந்தவர்களை மட்டும் வீட்டில் வைப்பதற்கான பரிசோதகரின் எழுத்து கையில் இருந்தால் அதிபருக்குப் பேசுவது சுலபம்.

இனிப் பட்டியல். அரைத் தாளில் ஒரு படிவம் போதும். பெயர், சேர்விலக்கம், வகுப்பு என்பவை ஏற்கெனவே உங்களிடம் உள்ளன. அவற்றோடு கேட்க வேண்டியவை இவை: இரண்டு தொலைபேசி இலக்கங்கள், அவை யாருடையவை என்பதோடு, வீட்டில் உள்ளது ஸ்மார்ட் போனா, பட்டன் போனா, அந்தப் போன் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், அதை எத்தனை பிள்ளைகள் பங்கிடுகிறார்கள், அவர்கள் எந்தப் பாடசாலை, வீட்டில் டீவி உண்டா, மூடினால் பிள்ளை கொழும்பிலேயே நிற்குமா, ஊருக்குப் போகுமா, ஆஸ்துமா போன்ற நோய் உண்டா, பாடசாலையில் காலை உணவு எடுக்கிறதா.

இவற்றில் இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை, அவைதான் காலை வாரும். ஒன்று, போன் வீட்டில் இருக்கும் நேரம். தகப்பன் புறக்கோட்டைக் கடையிலோ துறைமுகத்திலோ வேலை செய்தால் போன் இரவு ஏழு, எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். காலை ஒன்பது மணிக்கு வகுப்பு வைத்து "பிள்ளை வரவில்லை" என்று எழுதுவதில் என்ன பயன்? மற்றது, ஊர். வடகொழும்பில் எத்தனையோ குடும்பங்களுக்கு நுவரெலியா, பதுளை, யாழ்ப்பாணம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மூடினவுடன் பிள்ளையை அங்கே அனுப்பிவிடுவார்கள், பிறகு பயணத் தடை வந்தால் அங்கேயே நின்றுவிடும். தோட்டத்து லயத்தில் சமிக்ஞை கிடைக்காத பிள்ளையையும் கொச்சிக்கடையில் போன் இல்லாத பிள்ளையையும் ஒரே வரிசையில் "தொடர்பில்லை" என்று போட்டால் இரண்டுக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுப்பீர்கள்.

இலக்கங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ரீலோட் செய்யாமல் விட்ட சிம் கைமாறிப் போகும். முதலாம் தரத்தில் எழுதிக் கொடுத்த இலக்கம் ஆறாம் தரத்தில் வேறு யாருடையதோ. ஆண்டுக்கு இரண்டு முறை, முதலாம் தவணையிலும் இரண்டாம் தவணையிலும் பெற்றோர் கூட்ட நாளில் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். மூன்று பிரதிகள் வேண்டும்: வகுப்பாசிரியர் வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, உங்களிடம் ஒன்று. கணினியில் மட்டும் வைத்தால் ஊரடங்கு நாளில் அது பூட்டிய அறைக்குள் இருக்கும்.

மூடும் அறிவித்தல் வந்த அன்று பிள்ளைகள் பாடசாலையில் இருந்தால் உங்களுக்கு இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது புத்தகங்களை வீட்டுக்கு அனுப்புவது. பிள்ளைகள் நேரசூசிப்படி கொண்டு வருவதால் சில பாடநூல்கள் வீட்டிலும் சில வகுப்பு அலுமாரியிலும் இருக்கும். அலுமாரியில் இருப்பது முழுவதும் அன்றே போக வேண்டும். அப்பியாசக் கொப்பிகள் திருத்துவதற்காக ஆசிரியர் மேசையில் அடுக்கியிருந்தால் திருத்தாமலே திருப்பிக் கொடுங்கள். நூலகத்தில் இருந்து ஆளுக்கு இரண்டு கதைப் புத்தகம் இடாப்பில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சில திரும்பி வராது, பரவாயில்லை. அறிவித்தல் மாலையில் வந்தால் இந்த வேலை பெற்றோர் வந்து வாங்கும் வேலையாக மாறும்: தரவாரியாக அரை மணி நேர இடைவெளியில், வாசலிலேயே.

ஒரு பக்க அறிவித்தல் ஒன்றைத் தமிழில் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திகதிக்கு மட்டும் இடம் விட்டு. சிங்களச் சுற்றறிக்கை முதலில் கைக்கு வருவதும் தமிழ்ப் பிரதி பிந்துவதும் உங்களுக்குத் தெரிந்ததே. அந்த இடைவெளியில் ஒவ்வோர் ஆசிரியரும் தத்தம் விளங்கலைக் குழுவில் போட்டால் பெற்றோருக்கு ஐந்து செய்தி போய்ச் சேரும். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியரை மொழிபெயர்ப்புக்குப் பொறுப்பாகப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் எழுதி அதிபர் பார்த்தது மட்டும் வெளியே போகட்டும்.

முதல் கிழமையில் பாடம் எதுவும் வேண்டாம். வகுப்பாசிரியர் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 35 பிள்ளைகள். ஒரு அழைப்புக்கு ஐந்து நிமிடம், நாளுக்குப் பத்து அழைப்பு என்றால் ஐம்பது நிமிடம். நான்கு நாளில் வகுப்பு முடிந்துவிடும். கேட்பது நான்கு: எங்கே நிற்கிறீர்கள், வீட்டில் யாருக்கும் சுகவீனமா, சாப்பாட்டுக்கு எப்படி, போன் எத்தனை மணிக்குப் பிள்ளையின் கையில். சாப்பாட்டுக் கேள்விக்குச் சங்கடமான விடைகள் வரும். பாடசாலை உணவு நின்றதும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் சிலருக்கு அன்றைய முதல் சாப்பாடே போய்விடுகிறது. அந்தப் பெயர்களைப் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அதிபர் எழுத்தில் கொடுக்க வேண்டும். பழைய மாணவர் சங்கம் உலர் உணவுப் பொதி தர முன்வந்தால் பட்டியல் உங்களுடையதாக இருக்கட்டும். பொதி கொடுக்கும் படத்தைப் பிள்ளையின் முகத்தோடு முகநூலில் போடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கற்பித்தலுக்கு வருவோம். சூம் வகுப்பை ஆதாரமாக வைத்துத் திட்டம் எழுதாதீர்கள். ஒரு மணித்தியாலக் காணொளி வகுப்பு 500 எம்.பி.யைத் தாண்டலாம், மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போனில் நாளுக்கு ஐந்து வகுப்பு என்பது காகிதத்தில் மட்டும் நடக்கும். ஐந்து நிமிடக் குரல் பதிவு ஏறத்தாழ ஒரு எம்.பி.க்குள் முடிந்துவிடும், எத்தனை மணிக்கும் கேட்கலாம், திருப்பித் திருப்பிக் கேட்கலாம். பாடநூலின் பக்கத்தைச் சொல்லி, அந்தப் பக்கத்தைக் குரலில் விளக்கி, மூன்று கணக்குக் கொடுப்பது எட்டாம் தரக் கணிதத்துக்குப் போதுமான வகுப்பு. பாடநூல் எல்லாப் பிள்ளைகளிடமும் இலவசமாக இருக்கிறது. அதைப் படம் பிடித்து அனுப்பி அந்தப் போனை நிரப்ப வேண்டாம். தொற்றுக் காலத்தில் நேத்ரா அலைவரிசையில் தமிழ்ப் பாடங்கள் ஒளிபரப்பானதும், அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாட அலகுகள் இருப்பதும் உதவிதான். ஆனால் உங்கள் வகுப்பு நிற்கும் அலகும் டீவி நிற்கும் அலகும் ஒன்றாக இராது. துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வட்ஸ்அப் குழுவுக்கு மூன்று விதி போதும். ஆசிரியர் மட்டும் எழுதக்கூடியதாகக் குழுவை அமையுங்கள். இல்லாவிட்டால் நல்வாழ்த்துப் படங்களுக்கு அடியில் செயலட்டை (பயிற்சித் தாள்) புதைந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு வகுப்புக்கு இரண்டு பாடம், மாலை ஆறு மணிக்கு ஒரே செய்தியாக. பாடசாலைக்கென ஒரு சிம் வாங்கி அதிலிருந்து குழுவை நடத்துங்கள். இளம் ஆசிரியைகளின் சொந்த இலக்கங்கள் முந்நூறு வீடுகளுக்குப் போனதால் நள்ளிரவு அழைப்புகள் வந்த தொல்லை பல பாடசாலைகளில் இருந்தது. அதைச் சொல்ல அவர்கள் தயங்குவார்கள்.

போன் இல்லாத பிள்ளைக்குத் தாள்தான் வழி, ஆரம்பப் பிரிவுக்கு எல்லோருக்குமே தாள்தான் நல்லது. கணக்குப் பாருங்கள். ஆரம்பப் பிரிவில் 290 பிள்ளைகள் என்று வைத்தால் ஆளுக்குக் கிழமைக்கு 6 தாள், இரு பக்கமும் அச்சிட்டது: 1,740 தாள். தரம் 6 முதல் 11 வரை போன் இல்லாத 80 பேருக்கு ஆளுக்கு 8 தாள்: 640. மொத்தம் 2,380 தாள், அதாவது ரீமுக்கு 500 தாள் என்று கிழமைக்கு ஐந்து ரீம். நான்கு கிழமைக்கு இருபது ரீம். ரிசோ நகல் அச்சு இயந்திரத்துக்கு மையும் மாஸ்டர் சுருளும் ஒவ்வொன்று கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஊரடங்கில் தாள் எங்காவது கிடைத்தாலும் மை கிடைக்காது. இந்த இருபது ரீமையும் தர உள்ளீட்டு நிதியில் ஆண்டுத் தொடக்கத்திலேயே வாங்கி, தொடாமல் வைப்பது என்று திட்டத்தில் எழுதுங்கள். மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு எடுத்துவிட்டால் ஜனவரியில் நிரப்ப வேண்டும்.

செயலட்டையை ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியாக எழுதுவது வீண் உழைப்பு. கொழும்பு வலயத்தில் வேறு தமிழ்மொழி மூலப் பாடசாலைகளும் உண்டு. ஆசிரிய ஆலோசகர்கள் பாடவாரியாகப் பிரித்து ஒரே தொகுதியைத் தயாரித்தால் எல்லோருக்கும் ஆகும். வலயக் கூட்டத்தில் இதை நீங்கள்தான் எழுப்ப வேண்டும். நல்ல செயலட்டைக்கு அடையாளம், தாய் உதவி செய்யாமலே பிள்ளை முதல் இரண்டு கேள்வியைச் செய்யக்கூடியதாக இருப்பது. முதல் கேள்வியே கடினமென்றால் தாள் வெறுமையாகத் திரும்பி வரும், அல்லது அக்காவின் கையெழுத்தில் வரும்.

கொடுப்பதும் வாங்குவதும் கிழமையில் ஒரு நாள், பாடசாலை வாசலில், தரத்துக்கு அரை மணி நேரம். பெயர் எழுதிய உறை. போன கிழமை உறையை ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துப் போவது. தாளில் தொற்று ஒட்டியிருக்கும் என்று உறைகளை மூன்று நாள் வெயிலில் காயவைத்தவர்கள் உண்டு. அதற்குத் தேவையில்லை, கைகழுவினால் போதும். வாசலில் கூடும் கூட்டம்தான் பரப்பும். திருத்தும்போது புள்ளி போடாதீர்கள். சரி, இதைத் திரும்பப் பார், எனக்கு அழைப்பெடு என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள்.

இன்னொன்று, செலவே இல்லாதது. தரம் 1 முதல் 4 வரை உள்ள பிள்ளை பட்டன் போனில் ஆசிரியருக்கு மூன்று நிமிடம் உரக்க வாசிக்கட்டும், கிழமைக்கு ஒருமுறை. 35 பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கீழே. நீண்ட மூடலில் முதலில் தேய்வது சின்னப் பிள்ளைகளின் வாசிப்பு. அது தேய்ந்தால் மற்றப் பாடங்களும் கூடவே போகும். ஆரம்பப் பிரிவில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆசிரியர்களைப் பற்றி ஒரு சொல். டேட்டாவுக்கான காசு அவர்களுடைய சட்டைப்பையில் இருந்துதான் போகிறது. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியதும், அது மாதக்கணக்கில் நீடித்ததும் நினைவிருக்கும். உங்கள் திட்டம் அவர்களின் நல்லெண்ணத்தின் மீது நிற்கிறது. எனவே நாள்தோறும் வகுப்புப் படம் அனுப்பு, வரவுத் திரைப்பிடிப்பு அனுப்பு என்று கேட்பதைத் தவிருங்கள். கிழமைக்கு ஒரு பக்கம் போதும்: தொடர்பில் உள்ளவர் எத்தனை, இல்லாதவர் பெயர், உறை வாங்கியவர் எத்தனை, என்ன தடை. வலயத்துக்கும் அதையே கூட்டி அனுப்பலாம்.

தொடர்பு அறுந்த பிள்ளைகளுக்கு ஒரு காலக்கெடு வையுங்கள். இரண்டு கிழமை பதிலில்லை என்றால் பகுதித் தலைவர், மூன்றாம் கிழமை கிராம உத்தியோகத்தர் மூலம் வீடு, நான்காம் கிழமை பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். தரம் 9, 10 பையன்களைத் தனியாகக் கவனியுங்கள். கடையில் ஒத்தாசைக்கு என்று போகத் தொடங்கி, காசு பார்த்த பிறகு திரும்பி வருவதில்லை. வீட்டில் அடி, துன்புறுத்தல் என்று தெரிந்தால் 1929 சிறுவர் உதவி இலக்கம். பிள்ளையின் மனநிலை பயப்படும்படி இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. இரண்டு இலக்கத்தையும் செயலட்டை உறையின் பின்பக்கம் அச்சிடுங்கள்.

கட்டடத்தை மறந்துவிடுவார்கள். கொழும்பில் மூடிய பாடசாலைக்கு முதல் எதிரி டெங்கு. முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாள். கிழமைக்கு ஒருமுறை ஒருவர் அரை மணி நேரம் சுற்றினால் அந்தச் சுழற்சி உடையும். பார்க்க வேண்டியவை கூரைப் பீலி, மலசலகூடச் சிஸ்டன், பூச்சாடித் தட்டு, மைதானத்துப் போத்தல் மூடி, தண்ணீர்த் தாங்கியின் மூடி. நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாடசாலைக்கும் வழக்குப் போடலாம் என்பதைக் காவலாளிக்குச் சொல்லி வையுங்கள். அதே சுற்றில் நிலத்துக் குழாய் வடிகால்களில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் நாற்றம் ஏறாது. கணினி அறையை இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் இயக்குங்கள். கடற்கரைக் காற்றின் ஈரம் பலகைகளைத் தின்னும், யூ.பி.எஸ். மின்கலமும் கிடந்து செத்துவிடும். விஞ்ஞான அறையில் வாயுச் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, சோடியம் இருக்கும் போத்தலில் மண்ணெண்ணெய் துண்டை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சிற்றுண்டிச்சாலையில் மாவும் சீனியும் விட்டுப் போனால் எலி வரும். கட்டடத்தைத் தனிமைப்படுத்தல் நிலையமாகவோ தடுப்பூசி நிலையமாகவோ கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லி, தளபாடங்களை எண்ணிக் கொடுத்து, யார் சுத்தம் செய்து திருப்பித் தருவது என்பதையும் அதே கடிதத்தில் போடுங்கள்.

இரண்டு சின்னத் தடைகள் பெரிய தலைவலியாகும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கின் காசோலையில் கையெழுத்திடும் இருவரில் ஒருவர் ஊரில் மாட்டிக்கொண்டால் காசு இருந்தும் தாள் வாங்க முடியாது. மாற்றுக் கையெழுத்தாளரை ஏற்கெனவே வங்கியில் பதிந்து வையுங்கள். மற்றது தரம் 11 பிள்ளைகளின் தேசிய அடையாள அட்டை. விண்ணப்பம் அதிபர் மூலம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழும் பதிவுபெற்ற நிழற்படக் கடையின் படமும் தேவை, மூடலில் அந்தக் கடையும் பூட்டிக் கிடக்கும். எனவே தரம் 11 தொடங்கியதும் முதல் தவணையிலேயே முடித்துவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சை பிந்தினாலும் விண்ணப்ப முடிவுத் திகதி உங்களுக்காகக் காத்திராது.

திறப்பது மூடுவதைவிடச் சிரமம். பிள்ளைகளுக்கு முன் ஆசிரியர்களும் ஊழியர்களும் ஒரு கிழமை வர வேண்டும். தண்ணீர்த் தாங்கியை முதல் நாளே கழுவுங்கள். 1,000 லீற்றர் தாங்கிக்கு 30 வீதக் குளோரின் உள்ள ரி.சி.எல். தூள் 170 கிராம் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, தாங்கியை நிரப்பி, குழாய்களில் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு விட்டு முழுவதையும் வடித்து, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அந்த இரவு குழாய்களில் "குடிக்க வேண்டாம்" என்று எழுதிக் கட்டுங்கள். மேசை, கதவுப்பிடிகளுக்கு 5 வீத வெளிற்றுத் திரவம் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்தால் போதும். முதலில் சவர்க்காரத்தால் துடைக்க வேண்டும், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். கரைசலை அன்றன்று செய்யுங்கள். மலசலகூட அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு வரும். முதுகில் மாட்டும் கருவியால் வகுப்பெல்லாம் தெளிப்பது பார்ப்பவருக்கு ஆறுதல். வேலைக்கு உதவாது, தெளிப்பவரின் மூச்சுக்கும் கூடாது.

பிறகு கணக்கு. 6 மீற்றருக்கு 6 மீற்றர் வகுப்பறையில் முன்பக்கம் ஒன்றரை மீற்றர் விட்டு, ஒரு மீற்றருக்கும் சற்றுக் கூடிய இடைவெளியில் மேசை போட்டால் 20 பிள்ளை. 35 பிள்ளைக்கு இரண்டு குழு, மாறி மாறி வரும் கிழமைகள். பெரும்பாலானோர் இடாப்பை நடுவில் வெட்டி முதல் பாதி, இரண்டாம் பாதி என்று பிரிப்பார்கள். அப்படிச் செய்தால் அண்ணன் ஒரு கிழமை, தங்கை மறுகிழமை. வேலைக்குப் போகும் தாய்க்கு ஒரு கிழமையும் ஓய்வில்லை, வேன்காரருக்கு இரண்டு கிழமையும் பாதி வேன். வேன் பட்டியலையும் சகோதரர் பட்டியலையும் வைத்துப் பிரியுங்கள். ஒரே வேனில் வருபவர் ஒரே குழுவில் இருந்தால் தொற்று வந்தாலும் அது ஒரு குழுவோடு நிற்கும்.

கைகழுவும் இடத்தையும் கணக்கிடுங்கள். ஒரு பிள்ளைக்கு மாறும் நேரத்தோடு 40 வினாடி. பாதிப் பாடசாலை 310 பிள்ளை, ஆறு குழாய் என்றால் குழாய்க்கு 52 பேர், ஏறக்குறைய 35 நிமிடம். எல்லோரையும் 7.20க்கு வரச் சொன்னால் வாசலில் வரிசை வீதி வரை நீளும். ஆரம்பப் பிரிவுக்கு 7.00, மற்றவர்களுக்கு 7.30 என்று பிரியுங்கள். சுகவீனமான பிள்ளையை வைக்கும் அறை வாசலுக்கு அருகில், இருபக்கமும் சன்னல் உள்ளதாக இருக்கட்டும். அலுவலகத்துக்கு நடுவே இருக்கும் முதலுதவி அறை சரிவராது. அங்கே இருக்க வேண்டியது இரண்டு கதிரை, மூடியுள்ள குப்பைவாளி, முகக்கவசம், பெற்றோர் இலக்கப் பட்டியல். மூச்சுத் திணறல் என்றால் பெற்றோருக்குக் காத்திராமல் 1990 அம்புலன்ஸ் சேவை.

முதல் இரண்டு கிழமை பரீட்சை வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பந்தி வாசிக்கட்டும், ஐந்து கணக்குச் செய்யட்டும். வகுப்பாசிரியர் அதைக் குறித்து மூன்று மட்டமாகப் பிரித்தால் எங்கே தொடங்குவது என்று தெரியும். விடுபட்ட அலகுகளை எல்லாம் ஓட்டமாக ஓடி முடிக்க முயலாதீர்கள். தேசிய கல்வி நிறுவகம் அத்தியாவசியத் தேர்ச்சிகளைக் குறைத்துத் தந்தால் அதைப் பிடியுங்கள், தராவிட்டால் அடுத்த தரத்துக்கு அவசியமானவற்றைப் பாடக்குழு தெரிந்தெடுக்கட்டும். சீருடை, சப்பாத்து அளவு போதாமல் வராமல் நிற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். முதல் மாதம் வீட்டு உடுப்பு, செருப்பு எதுவும் சரி என்று அறிவித்தலில் ஒரு வரி போடுங்கள். மூன்றாம் நாளும் வராத பிள்ளைக்கு அன்றே அழைப்பு.

2022இல் எரிபொருள் நெருக்கடியில் கொழும்புப் பாடசாலைகள் மூடியபோதும் தேவைப்பட்டது இதே பட்டியல்தான், நோய் எதுவும் இல்லாமலே. அதிபரிடம் திட்டத்தைக் கொடுக்குமுன் ஒரு சனிக்கிழமை மாலை வகுப்பாசிரியர்களிடம் சொல்லி, தரம் 1, தரம் 6 இரண்டையும் மட்டும் படிவத்தில் உள்ள முதல் இலக்கத்துக்கு அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அங்கேதான் அதிகம். எத்தனை பேர் எடுக்கவில்லை, எத்தனை இலக்கம் பிழை என்ற எண்ணிக்கையைத் திகதியோடு திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.